ஒரு 'ப்' போட்ட பெரியவருக்கு

இரண்டு பையன்கள் கையைப் பிடித்துக்கொள்ளும் என் கதையை மண்டபத்தில் வாசித்தேன், சத்தம் கிளம்பியது. நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. பாதிப் பேர் அன்று மண்டபத்திலேயே இருந்தீர்கள். மீதிப் பேருக்கு விடிவதற்குள் கைப்பேசியில் வந்து சேர்ந்திருக்கும். பதினொரு நாளுக்குப் பிறகு நேற்றிரவுதான் ஒழுங்காகத் தூங்கினேன். அந்தத் தெம்பிலேயே எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி, பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கு. பினாங்கில் லெபோ பசார் தெருப் பக்கம் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கும் பெரியவர். நெற்றி நிறைய திருநீறு, மேசைமேல் தண்ணீர்மலை முருகன் படம். கதையை மூன்று பிரதி எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். யார், எதற்கு என்பது இங்கே வேண்டாம். பதினான்கு பக்கத்தையும் கவிழ்த்து நீட்டினேன். அவர் நிமிர்த்தி வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கதை இதுதான். ஐந்தாம் படிவத்தில், அதாவது பதினேழு வயதில், படிக்கும் இரண்டு பையன்கள், கவினும் சேந்தனும். டியூஷனுக்காகக் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டவர்த்திலிருந்து பழைய ஃபெரியில் பினாங்குத் தீவுக்கு வந்து போகிறவர்கள். மேல்தட்டுக் கம்பியோரம் இருவர் தோளும் உரசினால் கடல் நீண்டுவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், கொம்தார் கோபுரம் கிட்டே வராது, மணி ஆறு இருபதிலேயே நிற்கும். கச்சாங் பூத்தே (வறுத்த கடலை) விற்பவர் ஒருவருக்கு மட்டும் விஷயம் தெரியும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். (கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.) ஒன்பதாம் பக்கத்தில் கவின் சேந்தனின் கையைப் பிடிக்கிறான். மண்டபத்தில் வாசித்தபோது சத்தம் கிளம்பியது அந்த இடத்தில்தான்.

பெரியவரும் அந்தப் பக்கத்தில் நின்றார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார். 'கையை பிடித்தான்' என்று எழுதியிருந்தேன். நடுவில் ஒரு 'ப்' போட்டார். பக்கத்தைத் திருப்பினார்.

அவ்வளவுதான். ஊரே ஆயிரம் குற்றம் கண்ட வரியில் அவர் கண்ட குறை ஒரே ஒரு ஒற்று.

கடைசிப் பக்கத்தில்தான் முகம் சுளித்தார். கவின் ஃபெரியில் ஏறிவிடுகிறான். டிக்கெட்டுக்குக் காசு இல்லாமல் சேந்தன் தீவிலேயே நின்றுவிடுகிறான். கப்பல் போகிறது, மாயம் உடைகிறது, கதை முடிகிறது.

"தம்பி, இந்தப் பக்கமிருந்து போறதுக்கு ஏதுப்பா டிக்கெட்டு? பட்டவர்த்துலதானே காசு வாங்குவான். திரும்பிப் போறது ஓசிலா. அந்தப் பையன ஏறச் சொல்லு."

நானும் பினாங்குக்காரன்தான். சின்ன வயதிலிருந்து நூறு தடவையாவது அந்த ஃபெரியில் போயிருப்பேன். இந்தப் பக்கம் காசு கிடையாது என்பது எனக்கு எப்படி மறந்தது? மறக்கவில்லை என்றுதான் இப்போது படுகிறது. இந்த மாதிரிப் பிள்ளைகளின் கதை அழுகையில்தான் முடிய வேண்டும் என்று கை பழகிப்போயிருக்கிறது. அதற்காக இல்லாத டிக்கெட் ஒன்றை நானே அடித்து அவன் முன்னால் நீட்டியிருக்கிறேன்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். குளுகோரில் சோபாவையும் மின்விசிறியையும் எனக்கு விட்டுக்கொடுத்த இருவர். கணக்கு எழுதாமல் ரொட்டி சானாய் போட்டுக்கொண்டே இருந்த மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடை அண்ணன். அப்பாவுக்குத் தெரியாமல் என் சட்டைகளைத் தேய்த்துக் கொடுத்தனுப்பிய தங்கை. ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கும் 377ஆம் சட்டப் பிரிவைப் பற்றி நிதானமாக விளக்கிய வழக்கறிஞர் அக்கா: வெள்ளைக்காரன் 1860இல் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்தின் வாரிசு அது, தில்லி உச்ச நீதிமன்றம் 2018இல் அதன் பல்லைப் பிடுங்கியது, சிங்கப்பூர் நாடாளுமன்றம் அதன் கிளையான 377ஏ பிரிவை 2022இல் எடுத்துப் போட்டது, நம் மலேசியாவில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. அக்கா, அன்று சிரித்ததற்கு மன்னியுங்கள். அழுகை வரவில்லை, அதனால்தான்.

அம்மாவுக்கு நன்றி சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. வரும்.

பெரியவரே, முடிவை மாற்றிவிட்டேன். சேந்தன் ஏறிவிட்டான். கதை இப்போது பதினைந்து பக்கம். சனிக்கிழமை கொண்டு வருகிறேன். பென்சிலைச் சீவி வையுங்கள். இந்த முறை காசு வாங்கிக்கொள்ள வேண்டும்.