பாண்ட் குழுவின் இந்த ஆண்டும், பெற்றோரிடம் ஒரு வேண்டுகோளும்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். மூன்றாம் தவணைப் பரீட்சைகள் முடிந்து, விடைத்தாள் திருத்தும் வேலையும் ஓய்ந்துவிட்டது. தேர்ச்சி அறிக்கையோடு இந்தக் கடிதமும் உங்கள் கைக்கு வருகிறது. வழமையாக ஆண்டு இறுதிக் கடிதத்தில் புள்ளிகள், வரவு, கட்டட வேலை என்று எல்லாவற்றையும் தொட்டுச் செல்வேன். இம்முறை அவற்றைப் பெற்றோர் கூட்டத்துக்கு வைத்துக்கொண்டு, 6ஆம் தரம் முதல் 9ஆம் தரம் வரையான பிள்ளைகளின் பாண்ட் வாத்தியக் குழுவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்தக் குழு இந்த ஆண்டு வாசித்த அளவுக்கு முன்பு ஒருபோதும் வாசித்ததில்லை. அடுத்த ஆண்டு அது நிலைக்குமா என்ற கவலையும் எனக்கு இப்போதுபோல் முன்பு வந்ததில்லை. இரண்டையும் உங்களோடு கதைக்க வேண்டும்.

பெப்ரவரி 4, சுதந்திர தின நிகழ்வில் ஆண்டின் முதல் வாசிப்பு. கொடியேற்றம், தேசிய கீதம், ஒரு சிறு அணிநடை. பதற்றமில்லாமல் செய்தார்கள்.

பிள்ளைகளுக்குப் பெரிய நாள் என்றால், இல்லம் இல்லமாக அணி பிரிந்து போட்டியிடும் இல்ல மெய்வல்லுநர் போட்டிதான். காலபோக அறுவடை நடந்துகொண்டிருந்த கிழமை அது. வயலிலிருந்து நேரே வந்து, சைக்கிளைப் பிடித்தபடி வேலியோரம் நின்று பார்த்த அப்பாமாரையும் கண்டேன். அன்று நீங்கள் பார்த்த அணிநடை அப்படி அமைந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

ஒத்திகை நாட்களில் முதல் இரண்டு இல்லங்களின் கால் சரியாக விழுந்தது. கடைசியில் வந்த இல்லம் மட்டும் எவ்வளவு சொல்லியும் பிந்தியது. பெரிய ட்ரம்மின் அடி விழும்போது இடது கால் நிலத்தில் பட வேண்டும், அதுதான் அணிநடையின் கணக்கு. உடற்கல்வி ஆசிரியர் அந்த இல்லத்தைத் தனியே எடுத்துப் பழக்கினார். தனியே நடந்தால் சரி, வரிசையில் சேர்ந்தால் பிழை. கடைசியில் காரணத்தைப் பிடித்தது சிம்பல் அடிக்கும் 8ஆம் தரப் பிள்ளை. "அவையளுக்குச் சத்தம் பிந்தித்தான் போகுது, சேர்" என்றாள்.

விஞ்ஞான ஆசிரியை அதை அப்படியே அடுத்த நாள் பாடமாக்கிவிட்டார். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். குழு முன்னால் நடக்க, கடைசி இல்லம் 70 மீற்றர் பின்னால் வந்தால், அடி அவர்கள் காதுக்குப் போய்ச் சேர விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு எடுக்கும். நிமிடத்துக்கு 120 அடி வைத்து நடக்கும்போது ஓர் அடிக்கு அரை விநாடிதான் கிடைக்கிறது. கால் குழம்ப அந்தப் பிந்தல் தாராளமாகப் போதும். ஆகவே குழுவை வரிசையின் முன்னால் நடத்துவதை விட்டு, மைதானத்தின் நடுவில் நிறுத்தினோம். எல்லா இல்லங்களுக்கும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. போட்டியன்று எல்லா இல்லங்களின் காலும் ஒன்றாய் விழுந்ததை நீங்களே கண்டீர்கள். பெரியவர்கள் திட்டித் திருத்தப் பார்த்த ஒன்றை, ஒரு பிள்ளை காது கொடுத்துக் கேட்டுத் திருத்தினாள். எனக்கு இந்த ஆண்டின் மிகப் பெரிய சந்தோசம் அது.

அதன் பிறகு அழைப்புகள் வரத் தொடங்கின. வலய மட்டப் போட்டியின் அணிநடைக்கு வாசித்தார்கள். கிளிநொச்சியில் ஒரு நிகழ்வுக்குப் போய் வந்தார்கள். போகும் வழியில் முறிகண்டியில் பஸ்ஸை நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஆளுக்கொரு கச்சான் சரையோடுதான் திரும்ப ஏறினார்கள். மாங்குளத்துக்கு வடக்கே ஏ-9 வீதியில் முதல் தடவையாகப் போன பிள்ளைகளும் அந்த பஸ்ஸில் இருந்தார்கள்.

எல்லா அழைப்பையும் நாங்கள் ஏற்கவில்லை. ஏன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வைகாசி மாதம் அயலில் நடந்த ஒரு திறப்பு விழாவுக்குப் பிள்ளைகளை அனுப்பினோம். காலை 9 மணி என்றார்கள். பிரதம அதிதி வந்து சேரும்போது 11 மணி தாண்டிவிட்டது. அதுவரை தொப்பியும் கையுறையும், கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டையுமாகப் பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். பெரிய ட்ரம்மைச் சுமந்திருந்த பையன் தலைசுற்றிச் சாய்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்து நிழலில் கிடத்தியதும் தெளிந்தான். அன்றிலிருந்து எங்களிடம் கேட்டு வருபவர்களுக்கு எழுத்திலேயே கொடுத்துவிடுகிறோம்: அதிதி வாகனத்தால் இறங்கிய பிறகுதான் பிள்ளைகள் நிழலை விட்டு வெளியே வருவார்கள், அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். சிலருக்கு இது பிடிக்கவில்லை. பரவாயில்லை. படிக்க வந்த பிள்ளைகளை வரவேற்புத் தோரணமாக நிறுத்தி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, வீதி முனைவரை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்தினோம். தவிலும் நாதஸ்வரமும் ஒலிக்கும் இடத்தில் பாண்ட் முழங்கக் கூடாது என்பது என் எண்ணம். அன்று வந்திருந்த தவில் வித்துவான் எங்கள் பெரிய ட்ரம்மைத் தட்டிப் பார்த்தார். அடி நின்ற பிறகும் சத்தம் இழுபடுவதைக் கேட்டு, தோலைக் கொஞ்சம் தளர்த்தி, உள்ளே துணியொன்றை மடித்து வைக்கச் சொன்னார். இப்போது அடி குறுகித் தெளிவாக விழுகிறது. அவருக்கு எங்கள் நன்றி.

சிறுவர் தினம், ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம் இரண்டுக்கும் பிள்ளைகள் தாங்களே நிகழ்ச்சி ஒழுங்கு செய்தார்கள். வாணி விழாவைப் பற்றித்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் சங்கீத ஆசிரியை கர்நாடக சங்கீதம் படித்தவர். பாண்ட் குழுவை அவரிடம் ஒப்படைத்தபோது, மேலைத்தேய வாத்தியத்துக்கு இவர் எப்படி என்று கேட்டவர்கள் உண்டு. மேலைத்தேய இசையில் மேஜர் ஸ்கேல் என்று சொல்வதும் எங்கள் சங்கராபரணமும் ஒரே சுரங்கள்தான். மேளகர்த்தா என்னும் 72 தாய் ராகங்களில் 29ஆவது அது. குழு வாசிக்கும் அணிநடை மெட்டுகள் எல்லாம் அந்தச் சுரங்களுக்குள்தான் வருகின்றன. அவர் மெட்டைக் கரும்பலகையில் ச ரி க ம என்று எழுதி, முதலில் வாயால் பாடவைக்கிறார். பிறகு ஆதி தாளம் போட்டபடி பாட வேண்டும். பிறகு மண்டபத்துக்குள் நடந்தபடி பாட வேண்டும், எட்டு எண்ணிக்கைக்கு எட்டு அடி. அதற்குப் பிறகுதான் மெலோடிக்கா, அதாவது குழாயால் ஊதியபடி கட்டைகளை அழுத்தி வாசிக்கும் வாத்தியம், கைக்கு வரும். வாணி விழாவில் ட்ரம்களை ஓரமாக வைத்துவிட்டு, மெலோடிக்காவும், உலோகத் தகடுகளைத் தட்டி வாசிக்கும் பெல் லையரும் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தன. மிருதங்கம் வாசித்தவன், மெய்வல்லுநர் போட்டியில் சைட் ட்ரம் அடித்த அதே பையன்.

மழை தொடங்கிய பிறகு மைதானத்தில் நிற்க முடியாது. ஒத்திகை மண்டபத்துக்குள் வந்தது. கிழமையில் ஒருநாள்தான் செய்ய முடிந்தது. அப்படியிருந்தும் கடந்த கிழமை நத்தார் ஒளி விழாவில் 6ஆம் தரப் பிள்ளைகள் முதல் தடவையாக மேடையேறி, பிசகாமல் வாசித்தார்கள்.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன்.

அந்த 6ஆம் தரப் பிள்ளைகளுக்குப் பழக்கியது யார் தெரியுமா? பாண்ட் பழக்குவதற்கென்று எங்களுக்குத் தனி ஆசிரியர் நியமனம் இல்லை. கிளிநொச்சியிலிருந்து பயிற்றுநர் ஒருவர் மாதத்தில் ஒருநாள் வந்துபோகிறார். மற்ற நாட்களில் 9ஆம் தரப் பிள்ளைகள்தான் சிறியவர்களுக்குப் பழக்குகிறார்கள். ஒத்திகை நாளில் வேப்பமரத்தடிக்கு வந்து பாருங்கள். பலகைத் துண்டில் பழைய சைக்கிள் ரியூபை ஒட்டிச் செய்த பயிற்சிப் பலகை ஒவ்வொரு சிறு பிள்ளையின் மடியிலும் இருக்கும். முதல் மாதங்களில் அதில்தான் அடி. வலது, இடது, வலது, இடது. பிறகு வலது வலது, இடது இடது. புதிதாய் வரும் பிள்ளைகளில் அனேகமாக எல்லோருக்கும் இடது கை மெலிந்துதான் விழும். மூத்த பிள்ளை எதிரே இருந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். எந்தக் கை அடித்தது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் ஒன்றாகும்வரை ட்ரம்மைத் தொட விடமாட்டார்கள். ட்ரம்பெட் இன்னும் கடினம். மூன்று வால்வுகள், மிச்சமெல்லாம் உதடும் மூச்சும். ஒரு சுரம் தெளிவாக வரவே மாதக்கணக்காகும்.

ஒரு பிள்ளை 6ஆம் தரத்தில் பழகி, 7இல் வரிசையில் சேர்ந்து, 8இல் நன்றாக வாசித்து, 9இல் பழக்கத் தொடங்குகிறது. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான் நீங்கள் இப்போது கழற்றுகிறீர்கள். அடுத்த ஆண்டு 9ஆம் தரத்துக்குப் போகும் பிள்ளைகள் பலரின் பெயரை வெட்டச் சொல்லி வந்திருக்கிறீர்கள். அவர்கள் போனால், வருகிற 6ஆம் தரத்துக்குப் பழக்க ஆள் இல்லை.

ரியூசன் என்பது நீங்கள் சொல்லும் முதல் காரணம். சாதாரண தரப் பரீட்சை 11ஆம் தர முடிவில்தான். 10ஆம் தரத்துக்கு வந்ததும் நாங்களே பிள்ளையைக் குழுவிலிருந்து விடுவித்துவிடுகிறோம். படிப்புக்கு முழுதாக இரண்டு ஆண்டுகள் கையில் இருக்கும். ஒத்திகை செவ்வாயும் வியாழனும், பாடசாலை விட்டு 1.30 முதல் 3 மணிவரை மட்டும். தவணைப் பரீட்சைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே அதையும் நிறுத்திவிடுகிறோம். இதற்குமேல் ஒரு நாள் கூட்டச் சொல்லி யார் கேட்டாலும் நான் விடமாட்டேன்.

இரண்டாவது காரணம் பெண்பிள்ளைகளின் அம்மாமார் சொல்வது. "மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், இனி ஆட்களுக்கு முன்னால் மேஸ் பிடித்து நடக்க வேண்டாம்" என்றார் ஓர் அம்மா. மேஸ் என்பது குழுவை நடத்தும் பிள்ளை பிடிக்கும் கோல். அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. காட்டோரப் பாதை, பின்னேரம் யானை இறங்கும் இடங்கள், ஊர் வாய், எல்லாமே உண்மைதான். அதற்காகத்தான் இந்த ஆண்டு சீருடையை முழுநீளக் காற்சட்டைக்கு மாற்றினோம். ஒத்திகை முடியும்வரை ஆசிரியை ஒருவர் நிற்கிறார். ஒரே பக்கம் போகும் பிள்ளைகளைச் சேர்த்துத்தான் அனுப்புகிறோம். இன்னும் என்ன செய்ய வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், செய்கிறோம். ஆனால் பெரியபிள்ளையானது, நிமிர்ந்து நடக்கும் பழக்கத்தை விட ஒரு காரணமாக இருக்கக் கூடாது. இந்தப் பிள்ளை மேஸைத் தூக்கினால் முழு மைதானமும் கால் எடுத்து வைக்கிறது. அவள் அதைத் தன் உழைப்பால் தேடிக்கொண்டாள்.

உங்களில் சிலர் இதே வயதில் இருந்தபோது, 2008, 2009 இடப்பெயர்வில் பள்ளிக்கூடமே இல்லாமல் போனது. இந்தப் பாடசாலையில் இருந்த வாத்தியங்களும் அந்த நாட்களோடு போனவைதான். தானும் அந்தக் காலத்தில் பாண்டுக்குப் பெயர் கொடுத்திருந்ததாக ஓர் அப்பா போன தவணை என்னிடம் சொன்னார். பெயர் கொடுத்ததோடு சரி, ஒரு நாள்கூட ட்ரம்மைத் தொடவில்லையாம். அவருடைய மகன் இப்போது சைட் ட்ரம் வரிசையில் நிற்கிறான். பிள்ளையின் பெயரை வெட்டுமுன் அவரோடு ஒருதடவை கதைத்துப் பாருங்கள்.

காசு விசயம். பாண்டுக்காக ஒரு பிள்ளையிடமும் ஒரு சதமும் வாங்குவதில்லை, இனியும் வாங்கப்போவதில்லை. வாத்தியங்கள் பழைய மாணவர்களும் வெளிநாட்டில் இருக்கும் உறவுகளும் அனுப்பிய பணத்தில் வாங்கியவை. கணக்கு அலுவலக வாசல் பலகையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். சீருடைகளைத் தைத்துத் தந்த அம்மாமாருக்கு என் நன்றி. ஒத்திகை நாட்களில் சில பிள்ளைகள் மதியச் சாப்பாடு இல்லாமல் நிற்கிறார்கள். இயலுமானவர்கள் அந்த இரண்டு நாட்களிலும் ஒரு பிடி கூடுதலாகக் கட்டிவிடுங்கள். யாருக்கு என்று பிள்ளைகளுக்கே தெரியும், சத்தமில்லாமல் பகிர்ந்துகொள்வார்கள்.

இந்தக் கடிதத்தோடு படிவம் ஒன்று இருக்கிறது. 5ஆம் தரம் முடித்து வரும் பிள்ளைகளைச் சேர்க்க விரும்புவோர் அதை நிரப்பி, முதலாம் தவணையின் முதல் கிழமைக்குள் சங்கீத ஆசிரியையிடம் கொடுங்கள். இசை முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெயரை வெட்டச் சொன்ன பெற்றோர் எந்த நாளும் அலுவலகத்துக்கு வரலாம். வயல் வேலையால் வர முடியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி விடுங்கள், நானும் சங்கீத ஆசிரியையும் வீட்டுக்கு வருகிறோம். அதுவரை எந்தப் பெயரையும் நான் வெட்டவில்லை.

விடுமுறைக்கு மெலோடிக்காக்கள் பிள்ளைகளிடமே இருக்கட்டும். ஊதும் குழாயைக் கிழமைக்கு ஒருதடவை கழுவி நிழலில் காயவிடுங்கள். ஒருவர் வாய் வைத்த குழாயில் இன்னொருவர் ஊதக் கூடாது, தம்பி தங்கச்சி கேட்டாலும் சரி. மழைக்காலம் என்பதால் பெட்டியை நிலத்தில் வைக்காமல் மேசையிலோ தட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
அதிபர்