நீ அனுப்பிய நாவல்

கோட்டில்பாடு

என் மக்ளே,

நீ அனுப்பிய நாவல் வந்து இருபது நாளாகிறது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டாவது வைத்திருப்பாய் என்று மூன்று தடவை உதறிப் பார்த்தேன். இல்லை. சரி, படிக்கத்தான் அனுப்பியிருக்கிறாய் என்று படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு முந்நூறு பக்கம் என்றால் சும்மாவா? கண்ணாடி மாற்ற வேண்டும் என்றால் உன் அப்பா வழக்கம்போல நாளை என்கிறார்.

பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைக்கிறாயா? பெங்களூர் குளிர் என்று விட்டுவிடாதே. லேசாகச் சூடு காட்டி வை.

மண் சரிந்து வீடும் தாயும் போன அந்தப் பெண்குட்டி பேசாமல் இருக்கிறாளே, அவளை ஒரு வார்த்தை பேசச் சொல்லாமல் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து பயறு உரிக்கிறாளே, அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் தொடவில்லை. எழுதினவர் மழையைக் கொஞ்சம் கூடுதலாகவே பெய்ய விட்டிருக்கிறார். ஆனால் கடைசியில் திருவிழாக் கூட்டத்தில் அவள் வாய் திறக்க, எல்லாரும் அழுகிறார்களே, அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. பேசாவிட்டால் என்ன? சித்தி அவளை வைத்துக்கொள்ள மாட்டாளா? உன் அப்பாவிடம் கேட்டேன். "கதைக்குப் போய்" என்றார்.

கூழாங்கல்லை வரிசையாக அடுக்கும் பையன் வருகிற பக்கம் மடிந்திருந்தது. நீ மடித்ததா, கடையிலேயே மடிந்ததா?

போன மாதம் வீடியோவில் நம் பிள்ளை பாட்டில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சிவப்பு ஒரு வரிசை, நீலம் ஒரு வரிசை. என்ன நேர்த்தி! நான் நாலு தடவை கூப்பிட்டேன். நீ சட்டென்று போனைத் திருப்பி, சிக்னல் சரியில்லை என்றாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது மக்ளே.

நான் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. ஒரு வருடம் டிக்கெட் இல்லை, மறு வருடம் காய்ச்சல். நாகர்கோவில் வண்டி தினமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்டால், என் மகளுக்குப் பெரிய வேலை, லீவு கிடைக்காது என்கிறேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். தகரக் கொட்டகையில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவள் அல்லவா நீ. பெற்றவளைப் பார்க்க மட்டும் உனக்கு வழி தெரியவில்லை. எண்ணெய் வை, மறக்காதே.

அந்தக் கொட்டகையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எதையெதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குப் பயந்து ஓடினவர்களை ஏவிஎம் கால்வாய் வாங்கிக்கொண்டது. நீ பாட்டியின் கையில் இருந்ததும், அப்புறம் எப்படிக் கிடைத்தாய் என்பதும் உனக்கே தெரியும். அதன்பின் மூன்று மாதம் நீ பேசவில்லை. படம் வரைய வைக்க வந்த பிள்ளைகள் கிரேயான் தந்தார்கள். நீ தாள் முழுக்கக் கருப்பாக அடித்தாய், நாள் தவறாமல். அதையெல்லாம் உன் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். கணக்கெடுக்க ஆள் வந்தால், ஊமை என்று எழுதிவிடுவார்களோ என்று உன்னைப் பாய்க்குப் பின்னால் உட்கார வைத்தேன். ஒரு நாள், அம்மை என்று சொல்லடி என்று கன்னத்தில் அடித்தேன். சொன்னாய்.

வேளாங்கண்ணி மாதா செய்த புதுமை என்று இத்தனை வருடம் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாய். ஒருநாள்கூட மறுத்துச் சொன்னதில்லை.

2017இல் ஒக்கி புயல் அடித்து, அப்பா லட்சத்தீவிலிருந்து போன் பண்ணும்வரை நான் கரையை விட்டு எழுந்திருக்கவில்லையே. அப்போது நீ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஆறினால் எடுத்துப்போய் மறுபடியும் சூடாகக் கொண்டுவந்தாய். உன்னை அப்படி வளர்த்தவள் நான் இல்லை.

பிள்ளையை இங்கே கொண்டுவரப் பயந்துதான் நீ வராமல் இருக்கிறாயோ? என் கைக்குப் பயந்து?

வா. அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கக் கூடாது என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸ் வாரம் வெடியும் மைக்செட்டுமாக இருக்கும். அவனுக்குச் சத்தம் ஆகாதென்றால் ஜனவரியில் வாருங்கள். முந்திரிக்கொத்து அதுவரை கெடாது. மட்டிப்பழம் தின்பானா? பிசையாமல் முழுசாகத் தந்தால் பிடிக்குமோ என்னமோ. மருமகனைக் கேட்டதாகச் சொல்.

காலையில் கரைக்குப் போகும்போதெல்லாம் அவனுக்குச் சிப்பி பொறுக்கிவருகிறேன். எல்லாம் ஒரே அளவு. வெள்ளை ஒரு டப்பா, பழுப்பு ஒரு டப்பா. நேற்று உன் அப்பா இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டார். ராத்திரி உட்கார்ந்து பிரித்து வைத்தேன்.

அம்மை