அசல் ஃபைலை அழிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சாலிகிராமத்தில் 14 வருடமாக வீடியோ எடிட்டிங் செய்கிறேன். போன வாரம் ஒருவர் தன் பெற்றோரின் அறுபதாம் கல்யாண வீடியோவோடு வந்தார். செல்போனில் எடுத்தது. "சினிமா மாதிரி ஆக்கிக் கொடுங்க சார்" என்றார்.

மயிலாப்பூர் மண்டபம், எல்லார் முகத்திலும் டியூப்லைட்டின் பச்சை. சரி, நிறத்தை மாற்றிவிடலாம். மின்விசிறி இரைச்சல் ஒரே சீராக இருக்கும் என்பதால் அதையும் பெருமளவு குறைத்தேன். ஆனால் மனிதர் நாதஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே நின்று எடுத்திருக்கிறார். ஒலி உச்சத்தில் வெட்டுப்பட்டுக் கரகரக்கிறது. வெளிச்சத்தில் வெளுத்துப்போன வேட்டியில் மடிப்பே தெரியவில்லை. பதிவாகாததை எந்த மென்பொருள் உள்ளபடி மீட்டுத் தரும்?

போதாக்குறைக்கு அது வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த வீடியோ. அசலைக் கேட்டேன். போனில் இடமில்லை என்று அழித்துவிட்டாராம்!

வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள்; சுருங்காமல் வரும். அப்புறம், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி; அதற்கேற்ப விளக்குகளும் சிமிட்டும். கேமராவின் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/50 நொடியில் வைத்தால் விளக்குச் சிமிட்டல் பெரும்பாலும் தெரியாது. மேளத்தை விட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள்.

ஒரு வீடியோ எடிட்டர், சாலிகிராமம், சென்னை.