ரீப்பரில் முதலில் எதைக் கற்பது?

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் பாட்டை வீட்டிலேயே பதிவு செய்யத் தொடங்கியிருப்பதும், மிருதங்கத்துக்கு உன் மைத்துனரே வந்து அமர்ந்திருப்பதும் மகிழ்ச்சி தந்தன. இங்கே அனைவரும் நலம். கண்ணில் புரை நீக்கியபின் திரையை நெடுநேரம் பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், நானும் இப்போது காதை நம்பியே வேலை செய்கிறேன்.

ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளுக்கு இலவசமாகக் கிடைத்த பிளக்-இன்களை, அதாவது ஒலியை மாற்றும் துணைநிரல்களையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். அவை அப்படியே இருக்கட்டும். ரீப்பரோடு கூடவே வரும் ரியாஇக்யூ என்னும் ஈக்குவலைசர் (அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது), ரியாகாம்ப் என்னும் கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அடக்குவது) ஆகிய இரண்டை மட்டும் முதலில் படி. பார்வைக்கு அவை வறண்டவைதான். ஆனால் எந்த அதிர்வெண், எத்தனை டெசிபல், எத்தனை மில்லி விநாடி என்பதை ஒளிக்காமல் எண்ணாகக் காட்டுகின்றன. நீ ஆசையோடு குறிப்பிட்டிருக்கும் பழைய கருவிகளின் நகல்களில் அந்த வசதி இல்லை. 1960களில் வந்த 1176 கம்ப்ரஸரில் த்ரெஷோல்டுக்கென்று, அதாவது எந்த அளவைத் தாண்டினால் ஒலியை அடக்குவது என்ற வரம்புக்கென்று, தனிக் குமிழே கிடையாது. உள்ளே வரும் ஒலியைக் கூட்டித்தான் அதை வேலை செய்ய வைக்க வேண்டும். அடக்கத் தொடங்கும் வேகத்துக்கான அட்டாக், விடுவிக்கும் வேகத்துக்கான ரிலீஸ் என்ற அதன் குமிழ்களிலோ எண் கூடக்கூட வேகம் கூடும், அதாவது நேரம் குறையும். அட்டாக் என்றால் என்னவென்று காதுக்குப் பழகியவனுக்கு அது அருமையான கருவி, புதிதாகக் கற்பவனுக்கு வீண் குழப்பம்.

ஈக்குவலைசரில் முதல் வேலை, அடியில் கிடக்கும் இரைச்சலை ஹை-பாஸ் (தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி) வைத்து நீக்குவது. உன் மகள் ஐந்து கட்டை சுருதியில் பாடுவதாக எழுதியிருந்தாய். அப்படியானால் அவளுடைய மத்திய ஸ்தாயி ஷட்ஜம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 147 ஹெர்ட்ஸ். ஆகவே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினாலும் குரலுக்குச் சேதமில்லை. தெருவில் போகும் லாரியின் உறுமல் பெருமளவு குறைந்துவிடும். ஓர் அதிர்வெண் பட்டையைப் பன்னிரண்டு டெசிபல் உயர்த்தி, அங்குமிங்கும் நகர்த்திக் குறை தேடும் வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஏனென்றால் அவ்வளவு உயர்த்தினால் எந்த இடமும் குறையாகத்தான் கேட்கும். முதலில் கண்ணை மூடிக் கேட்டு, குறை இன்னதென்று தெரிந்தபின் இரண்டு மூன்று டெசிபல் குறைத்துப் பார்.

கம்ப்ரஸருக்குத்தான் நாள் பிடிக்கும். நாலுக்கு ஒன்று என்று விகிதம் வைத்தால், த்ரெஷோல்டை நான்கு டெசிபல் தாண்டிய ஒலி ஒரு டெசிபல் மட்டுமே தாண்டி வெளிவரும், கணக்கு அவ்வளவுதான். ஆனால் அட்டாக்கைக் கணக்கால் புரிந்துகொள்ள முடியாது, மிருதங்கத்தை வைத்துத்தான் கேட்க வேண்டும். ஒரு மில்லி விநாடி வைத்தால் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், விழும் சொற்களின் முனை மழுங்கிப்போகும். முப்பதுக்குக் கொண்டுபோனால் விரல் படும் ஓசை தப்பித்து, அதன் பின்னால் வரும் கார்வை மட்டும் அடங்கும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேள். கேட்கும்போது தானாக ஒலி கூட்டும் ஆட்டோ மேக்-அப் பெட்டியை அணைத்துவிட்டு, பிளக்-இன் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே சத்தம் வருமாறு கையாலேயே சரிசெய்துகொள். சற்றுச் சத்தமாக இருப்பதே நல்லது என்று காது ஏமாந்துவிடும்.

எதிரொலி சேர்க்கும் ரிவெர்பும் டிலேயும் பிறகு தாமாகவே கைவரும். சுருதி திருத்தும் பிளக்-இன் பக்கம் மட்டும் இப்போது போக வேண்டாம். தோடி ராகத்தின் அசைந்து ஒலிக்கும் காந்தாரத்தை அது பிழையென்று எண்ணி நேராக்கிவிடும். மின்விசிறி இரைச்சலைக் கழிக்க ரீப்பரின் ரியாஃபிர் என்ற பிளக்-இன் உதவும் என்றாலும், பதிவின்போது விசிறியை நிறுத்திவைப்பது அதைவிட எளிது.

அடுத்த கடிதத்தோடு ஒரு வர்ணத்தை அனுப்பு. எந்த எஃபெக்டும் போடாமல், குரலும் மிருதங்கமும் தனித்தனி வேவ் கோப்புகளாக இருக்கட்டும். நானும் அதே இரண்டு பிளக்-இன்களை மட்டும் போட்டு, வைத்த எண்களோடு திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராகவன்