எங்கள் பாப்பாவைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

ஏற்காட்டில் நாகலூர் பக்கத்து எஸ்டேட் லயனில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், இருந்து எழுதுகிறோம். கக்குவான் இருமலோடு சேலம் அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்த எங்கள் பாப்பா நல்லபடியாக வீடு வந்துவிட்டாள். உதவிய எல்லோரையும் நேரில் பார்த்துச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கு. கக்குவான் என்றால் விடாமல் இருமி, கடைசியில் 'ஊப்' என்று மூச்சை இழுக்கும் என்றுதான் ஊரில் சொல்வார்கள். பாப்பாவுக்கு அந்தச் சத்தமே இல்லை. லேசாக இருமுவாள், அப்புறம் அப்படியே அசையாமல் கிடப்பாள். எடை பார்க்க வந்த அக்கா, "கண்ணு, பாப்பாவை வெளிச்சத்துக்குக் கொண்டு வா" என்று வாங்கி, உதட்டையும் நகத்தையும் பார்த்தார். நீலம் பாய்ந்திருந்தது. "ரொம்பச் சின்னக் குழந்தைக்குச் சத்தம் வராமலே போகும், மூச்சுதான் நிற்கும்" என்றபடியே 108-க்குப் போன் போட்டுவிட்டார். கக்குவானுக்கு முதல் தடுப்பூசி 6 வாரத்தில்தான். பாப்பாவுக்கு அந்த வயதுகூட ஆகவில்லை.

குழந்தைகள் வார்டில் மூக்குச் சளியைச் சோதனைக்கு அனுப்பிய கையோடு, முடிவுக்குக் காத்திராமல் அசித்ரோமைசின் ஆரம்பித்த டாக்டர்களுக்கு நன்றி. "மருந்து கிருமியைக் கொன்றுவிடும், ஆனாலும் இருமல் வாரக்கணக்கில் இருக்கும், பயப்படாதம்மா" என்று முன்பே சொல்லி அனுப்பினீர்கள். வீட்டுக்கு வந்தபின் அவள் இருமும்போதெல்லாம் எங்களைத் தாங்குவது அந்த வார்த்தைதான். இராத்திரி டியூட்டி சிஸ்டர்களே, ஒவ்வொரு இருமலுக்கும் ஓடி வந்து, சளியை உறிஞ்சி எடுத்து, ஆக்சிஜன் வைத்து, உதடு சிவக்கும்வரை தொட்டிலை விட்டு நகரமாட்டீர்கள். பெற்றவள் நான் கண் அசந்தபோதும் நீங்கள் அசரவில்லை.

வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் மாத்திரை கொடுத்த சுகாதார ஆய்வாளர் குழுவுக்கும் நன்றி. காப்பித் தோட்ட வேலை முடிந்து எல்லோரும் திரும்பும் நேரம் பார்த்து வந்து, லயன் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். ஒன்றரை வயது ஊசியும், 5 வயது ஊசியும் விட்டுப்போன பிள்ளைகளுக்கு அடுத்த புதன்கிழமையே போட்டுவிட்டார்கள்.

108 ஓட்டுநர் தம்பி, 20 கொண்டை ஊசி வளைவிலும் பாப்பா குலுங்காமல் இறக்கினீர்கள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இந்தப் பக்கம் வண்டி வந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள்.