விடையே இல்லாத புதிரைக் கொடுத்துப் பிள்ளைகளை ஓடவிட்டது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம்

பொருள்: பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த இலவசக் குடும்ப விளையாட்டு நாள்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பொறுப்பேற்று நடத்திய விளையாட்டு நாளுக்கு என் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தேன். கூட்டம், வரிசை, வெயில் பற்றியெல்லாம் எனக்குக் குறையில்லை. போட்டிகளைத் தேர்ந்தெடுத்த விதம்தான் மனதை வருத்துகிறது.

புல்வெளியில் சுண்ணாம்பால் ஓர் ஆறு, நான்கு நிலப்பகுதிகள், ஏழு பாலங்கள் வரைந்திருந்தீர்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து ஏழையும் முடித்தால் அட்டையில் முத்திரை என்றார்கள். இது கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பழைய புதிர். இதற்கு வழியே கிடையாது என்று கணித மேதை ஆய்லர் 1730களிலேயே காட்டிவிட்டார். ஓர் இடத்துக்குள் ஒரு பாலம் வழியாக நுழைந்தால் வெளியேற வேறொரு பாலம் வேண்டும். ஆகவே ஒற்றைப்படையில் பாலங்கள் உள்ள இடம், நடையின் தொடக்கமாகவோ முடிவாகவோதான் இருக்க முடியும். ஒரு நடைக்குத் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று; ஆக அப்படி இரண்டு இடங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் படத்தில் நான்கு இடங்களுமே ஒற்றைப்படை. எத்தனை தடவை ஓடினாலும் ஒரு பாலம் மிஞ்சத்தான் செய்யும்.

முடியாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி நடத்தியிருந்தால் அதைவிட அருமையான விளையாட்டு இல்லை. ஆனால் அங்கே நின்ற உங்கள் பணியாளர், "நல்லா யோசிச்சா வரும், இன்னொரு தரம் ஓடு" என்றே எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை போலும், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒன்பது வயது மகள் மூச்சிரைக்க ஓடிவிட்டு, "எனக்குக் கணக்கு வராதும்மா" என்று சொல்லிவிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

அப்புறம் ஹனாய் கோபுரம்: மூன்று கம்பங்களில், சிறிய வட்டின்மேல் பெரியது வராமல், ஒவ்வொரு வட்டாக நகர்த்தி அடுக்கு முழுவதையும் வேறு கம்பத்துக்கு மாற்றும் புதிர். எட்டு வட்டுகள், மூன்று நிமிடம். எட்டு வட்டுக்கு ஒரு தப்பும் செய்யாமல் நகர்த்தினாலே 255 நகர்வுகள் வேண்டும். நொடிக்கு ஒன்று என்றாலும் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். மூன்று வட்டு என்றால் ஏழே நகர்வு, நான்கு என்றால் 15. சின்னப் பிள்ளைகளுக்கு அது போதுமே!

காகிதப் பாலம் அரங்கில் இருந்த மாணவர் மட்டும், தாளை மடித்தால் எப்படி அதிகப் பாரம் தாங்கும் என்று பொறுமையாகக் காட்டினார். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

தகவல் மேசையில் முறையிட்டபோது "இலவசம்தானே" என்று பதில் வந்தது. பணம் வாங்கவில்லை, சரி. பிள்ளைகளின் நம்பிக்கையைக் கெடுக்க அது காரணம் ஆகாதே.

நான் கேட்பது இவ்வளவுதான். பதிவு செய்த குடும்பங்களுக்கெல்லாம், பாலப் புதிருக்கு விடை இல்லை, பிள்ளைகள்மேல் தவறில்லை என்று எழுதி அனுப்புங்கள். முத்திரை கிடைக்காமல் சான்றிதழ் இழந்தவர்களுக்கு அதைக் கொடுங்கள். அடுத்த முறை ஏழில் ஏதாவது ஒரு பாலத்தை அழித்துவிடுங்கள், வழி பிறந்துவிடும். அரங்கில் நிற்பவர்களுக்கும் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.

உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பங்கேற்ற பிள்ளைகளின் தாய்