குளத்தை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள பெயர்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் நுவரெலியா கிரகரி வாவியைப் பற்றி வந்த கட்டுரை வடிவாக இருந்தது. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் வாவி உண்டான கதை, பின்னால் நிற்கிற பீதுருதலாகலை, பக்கத்து நானுஓயா என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதியிருந்தீர்கள். அதே பக்கத்தின் அடியில் எங்கள் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கிடைத்தது ஒரு படமும் 'காடு சூழ்ந்த அழகிய குளம்' என்ற ஒரு வரியும்தான். எங்களிடம் மலை இல்லை, சரி. வன்னியில் உயரம் என்றால் குளக்கட்டுத்தான். ஆனால் அந்தக் கட்டின் மேல் நின்று எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் அங்கே ஒரு பெயர் இருக்கிறது.

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே வருகிறவர் ஓமந்தை தாண்டினால் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், பனிக்கன்குளம் என்று வரிசையாகக் குளங்களின் பெயரிலேயே ஊர்களைக் கடந்து வருகிறார். முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ்ஸை நிறுத்திக் கற்பூரம் கொளுத்திக் கச்சான் வாங்குகிற சனத்தில் எத்தனை பேருக்குத் தெரியும், வவுனியாப் பக்கமிருந்து கனகராயன் ஆறும் தங்களைப் போலவே வடக்கு நோக்கித்தான் காட்டுக்குள்ளால் வருகிறது, இரணைமடுவில் தேங்கி நின்று பிறகு சுண்டிக்குளம் கடல்நீரேரியில் போய் விழுகிறது என்று? கிளிநொச்சியைக் கடந்தால் கரடிப்போக்கு, இன்னும் மேலே போனால் ஆனையிறவு. காட்டில் எது எந்த வழியால் போய் வந்தது என்பதை ஊர்ப் பெயரே சொல்லிவிடுகிறது.

குளத்துக்குக் கீழே இறங்கினால் பெயர்கள் வேறு மாதிரி. குடியேற்றத்தோடு பிறந்தவை அவை. உருத்திரபுரத்தில் வழி கேட்டால் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றுதான் சொல்வார்கள், ஏ9 வீதியில் 155ஆம் கட்டை (மைல்கல்) என்றால் அதுவே ஓர் இடம். வெறும் இலக்கம்தானே என்று நினைக்க வேண்டாம், துருசை, அதாவது குளத்து மதகைத் திறந்தால் தண்ணீர் யாருடைய வயலுக்கு முதலில் போகும் என்பது அந்த இலக்கத்தில் இருக்கிறது.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் ஒருமுறை வந்து பாருங்கள். தண்ணீர் வற்றி அலைகரைக் கற்கள் வரிசை வரிசையாக வெளியே தெரியும், சேறு காய்ந்து வெடித்த இடத்தில் மாட்டுக் குளம்படி அப்படியே இறுகிக் கிடக்கும், மருத மரத்தின் வேரில் பழைய நீர்மட்டத்தின் கோடு இருக்கும். அங்கே மாடு மேய்க்கிற ஒருவரைப் பிடித்துக் கதைத்தால் இது இன்ன மோட்டை (சிறு நீர்நிலை), அது இன்ன பிட்டி (மேட்டுநிலம்), அந்தப் பக்கம் இன்ன தரவை (புல்வெளி) என்று சொல்லிக்கொண்டே போவார். எந்த வரைபடத்திலும் அவற்றைக் காணமுடியாது.

இது வெறும் பழங்கதை ஆசை இல்லை ஐயா. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை நீங்களும் எழுதினீர்கள். அப்படியான இரவில் 'தாழ்நிலப் பகுதி மக்கள்' என்று பொதுவாகச் சொன்னால் யார் எழும்பி ஓடுவது? எந்த வாய்க்கால், எந்த வெளி என்று பெயர் சொன்னால்தான் சனம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடும். எங்கள் பக்கத்தில் அண்மையில் நாட்டிய ஒரு பலகையில் ஆங்கில எழுத்தைப் பார்த்துத் திரும்பத் தமிழில் எழுதியதால் மோட்டை மொட்டையாகி நிற்கிறது. கைப்பேசி வரைபடத்திலும் இதே கூத்து. போருக்குள் இடம்பெயர்ந்து வேறெங்கோ வளர்ந்து திரும்பிய பிள்ளைகள் இனி அந்தப் பலகையைப் பார்த்துத்தான் ஊரைப் படிக்கப் போகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள்: வாரம் ஒரு குளம் என்று ஒரு பத்தி ஒதுக்குங்கள். நிருபரை அலுவலகங்களுக்கு அனுப்பாமல், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையிடமும் குளத்து மீன்பிடிக்காரரிடமும் அனுப்புங்கள், சொன்னதைச் சொன்னபடி எழுதட்டும், பிழை இருந்தால் அடுத்த வாரம் ஊர்க்காரரே திருத்துவார்கள். இரணைமடுவை முதலில் போடவேண்டும் என்றில்லை, அதை எல்லோருக்கும் தெரியும். பாலி ஆற்று வவுனிக்குளத்தில் தொடங்கி, பேராற்று முத்தையன்கட்டுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
கிளிநொச்சி.